லிமிட்டரை எவ்வளவு அழுத்தலாம்? வீட்டில் மாஸ்டரிங் செய்பவர்களுக்கு

மிக்ஸை (குரலையும் கருவிகளையும் கலக்கும் வேலையை) முடித்துவிட்டு, மாஸ்டரிங் என்ற கடைசி மெருகுக்கு வரும்போது, ஏற்கெனவே வெளியான ஒரு பாட்டின் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நம்முடையது சோப்ளாங்கியாகத்தான் கேட்கும். உடனே கை லிமிட்டருக்குப் போகும், அதாவது ஒலியின் உச்சிகளை ஓர் எல்லையைத் தாண்டவிடாமல் பிடித்து மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவிக்கு. திரெஷோல்டை (லிமிட்டர் பிடிக்கத் தொடங்கும் அளவை) இறக்க இறக்கப் பாட்டு நன்றாக ஆகிக்கொண்டே வருவது போலத் தெரியும். அதில் பாதி காது செய்யும் வேலை. எந்த ஒலியையும் ஒன்றிரண்டு டெசிபல் கூட்டி வைத்தாலே பேஸ் ஏறியது போலவும் தெளிவு வந்தது போலவும் நமக்குப் படும்.

அதனால் லிமிட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். லிமிட்டரில் எத்தனை டெசிபல் ஏற்றுகிறீர்களோ அத்தனையையும் அதற்கு அடுத்து, சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஒரு கெயின் ப்ளக்இன்னில் இறக்கிவிடுங்கள் (சில லிமிட்டர்களில் இதற்கென்றே பட்டன் இருக்கும்). பிறகு இரண்டையும் சேர்த்து பைபாஸ் போட்டுப் போட்டு, அதாவது அணைத்தும் இயக்கியும், கேளுங்கள். சத்தம் சமமாகிவிட்டதால், லிமிட்டர் உண்மையில் என்ன செய்கிறது என்பது மட்டும் காதில் விழும். முகத்தில் வந்து அறைந்த ஸ்னேர் இப்போது பாட்டுக்குள்ளே புதைந்துவிட்டதா? கிக் விழும்போதெல்லாம் குரல் ஒரு கணம் பின்னால் போய்த் திரும்புகிறதா? கோரஸில் விரிய வேண்டிய பாட்டு சுருங்குகிறதா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால், அந்த இடத்திலிருந்து ஒரு டெசிபல் பின்வாங்குங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே போதும், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சரி, எண்களுக்கு வருவோம். பாட்டின் சத்தத்தை இப்போது எல்லோரும் லஃப்ஸ் (LUFS) கணக்கில்தான் அளக்கிறார்கள், எண் கழித்தல் குறியோடு வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 2006-ல் வெளியிட்ட முறை அது, காது எந்த அலைவரிசையை எவ்வளவு கவனிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மீட்டரில் மூன்று எண்களைப் பாருங்கள். முழுப் பாட்டின் சராசரியான இன்டகிரேட்டட், கடைசி 3 விநாடியைக் காட்டும் ஷார்ட் டெர்ம், அப்புறம் ஒலியின் உண்மையான உச்சியைக் காட்டும் ட்ரூ பீக். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளம்.

ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அமைப்பு பாட்டுகளைப் பொதுவாக -14 லஃப்ஸுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கும். ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் போட்டிருந்தால் -16. யூடியூப் -14-ஐத் தாண்டியதைக் குறைக்கும், குறைவாக இருப்பதை ஏற்றாது. இதன் விளைவை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரே மிக்ஸை இரண்டு விதமாக மாஸ்டர் செய்கிறீர்கள், ஒன்று -8 லஃப்ஸ், இன்னொன்று -14, இரண்டுக்கும் பீக் -1. ஸ்பாட்டிஃபை முதலாவதை 6 டெசிபல் இறக்கும், அதன் பீக் -7-க்குப் போய்விடும். இரண்டாவது அப்படியே போகும், பீக் -1-லேயே இருக்கும். கேட்பவருக்கு இரண்டும் ஒரே சத்தம், ஆனால் இரண்டாவதில் டிரம்ஸ் அடி 6 டெசிபல் வரை மேலே எழும்பும். முதலாவதில் அந்த 6 டெசிபலை லிமிட்டருக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பாட்டையும் -14-க்கே மாஸ்டர் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அந்த எண் ஆப் ஒலிக்கும் அளவு, நமக்கு இட்ட கட்டளை கிடையாது. டிஸ்டார்ஷன் கிட்டாரும் சிந்த்தும் அடைத்துக்கொண்டு நிற்கும் பாட்டு -9-லும் நன்றாக மூச்சுவிடலாம், ஒற்றைக் குரலும் வீணையும் மட்டும் இருக்கிற பாட்டு -13-லேயே நசுங்கிப்போகலாம். மேலே சொன்ன பைபாஸ் சோதனை எங்கே நிறுத்தச் சொல்கிறதோ அங்கே நிறுத்துங்கள், வந்த எண் வரட்டும்.

பலரும் கவனிக்காத இடம் கோரஸுக்கும் சரணத்துக்கும் நடுவில் இருக்கும் உயர வித்தியாசம். ஆப் இப்படிச் சத்தத்தைச் சமமாக்கும் வேலை, அதாவது நார்மலைசேஷன், முழுப் பாட்டின் சராசரியைத்தான் பார்க்கிறது. தொடக்கம் முதல் கடைசி வரை -8-லேயே தட்டையாக ஓடும் பாட்டு, ஆப்பில் தொடக்கம் முதல் கடைசி வரை -14. அதுவே சரணம் அடங்கி, கோரஸ் ஷார்ட் டெர்மில் -9 வரை எழும்பி, மொத்த சராசரி -12 என்று இருந்தால், ஆப் இறக்குவது 2 டெசிபல்தான். கோரஸ் -11-ல் ஒலிக்கும். அதாவது 'சத்தமான' பாட்டைவிட நம் கோரஸ் 3 டெசிபல் கூடுதல். இதற்கு ப்ளக்இன் எதுவும் வேண்டாம். லிமிட்டருக்கு முன்னால் ஒரு வால்யூம் ஆட்டோமேஷன் போட்டு, சரணத்தை ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் இறக்குங்கள். கோரஸுக்கு முந்தின அரை விநாடியில் கொஞ்சம் இடம் விட்டால் இன்னும் நன்று.

அடர்த்தி வேண்டும் என்றால் அதை மிக்ஸிலேயே சேர்க்க வேண்டும், அதையும் அளவோடு. மெட்டாலிகாவின் 2008-ஆம் ஆண்டு ஆல்பமான 'டெத் மேக்னடிக்' இதற்கு ஊரறிந்த உதாரணம். சிடியில் ஒலி உடைந்து கேட்டது, அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்ததால் ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மாஸ்டரிங் செய்தவர், தன்னிடம் வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் வந்தது என்றார். நசுங்கி வந்த மிக்ஸை மாஸ்டரிங்கில் மீட்க வழி கிடையாது, ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும்போது மாஸ்டர் பஸ்ஸில் (எல்லாத் தடங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில்) உள்ள லிமிட்டரை அணைத்துவிட்டு 24 பிட்டில் எடுங்கள்.

இப்போது கருவிகளைப் போடும் வரிசை. முதலில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை பாஸ் ஃபில்டரில் மெதுவாகக் கழியுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காத அந்த அதிர்வு லிமிட்டரை மட்டும் ஓயாமல் வேலை வாங்கும். அடுத்து, டிரம்ஸ் பஸ்ஸில் உச்சியை வெட்டும் ஒரு கிளிப்பரையோ மழுக்கும் சாச்சுரேஷனையோ போட்டு உச்சியில் 1 அல்லது 2 டெசிபல் மட்டும் வழியுங்கள். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்னேரின் முதல் சில மில்லி விநாடி மட்டும் ஊசி மாதிரி நிற்கும், அந்த ஊசி முனை போனால் காதுக்குத் தெரியாது, ஆனால் அதற்குக் கீழே இருக்கும் உடம்பு வெட்டுப்பட்டால் உடனே தெரியும். அப்புறம் சத்தமான இடங்களை அடக்கும் கம்ப்ரசர், ரேஷியோ (அடக்கும் விகிதம்) 1.5 அல்லது 2, அட்டாக் (அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லி விநாடி அளவில், முள் ஒரு டெசிபலுக்கு மேல் ஆட வேண்டாம். இத்தனைக்கும் பிறகு லிமிட்டர் 2, 3 டெசிபல் பிடித்தாலே பாட்டு போதிய சத்தத்தில் நிற்கும், ஏனென்றால் சுமையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று.

லிமிட்டரின் ரிலீஸை, அதாவது அது பிடியைத் தளர்த்த எடுக்கும் நேரத்தை, கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் பேஸ் நோட்டின் ஒரு அலைக்கு 20 மில்லி விநாடி ஆகும். ரிலீஸை அதைவிட வேகமாக வைத்தால் லிமிட்டர் ஒரே அலைக்குள்ளேயே ஏறி இறங்கும், பேஸ் கரகரக்கும். ரொம்ப மெதுவாக வைத்தால் ஒவ்வொரு கிக்குக்கும் மொத்தப் பாட்டும் மூழ்கி மூழ்கி எழும். கரகரப்பு நிற்கும் வரை ரிலீஸைக் கூட்டி, மூழ்கல் தொடங்கும் முன் நிறுத்துங்கள்.

சீலிங், அதாவது லிமிட்டர் தாண்டவிடாத எல்லை, ட்ரூ பீக் கணக்கில் -1. எம்பி3, ஏஏசி என்று மாற்றும்போது பீக் கொஞ்சம் மேலே தாவும் என்பதால்தான் இந்த இடைவெளி. -14-ஐவிடச் சத்தமான மாஸ்டருக்கு ஸ்பாட்டிஃபையே -2 வைக்கச் சொல்கிறது.

நார்மலைசேஷன் இல்லாத இடங்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கார் பென் டிரைவ், டிஜே செட், வாட்ஸப்பில் போகும் டெமோ, இங்கெல்லாம் சத்தமானதுதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. வாடிக்கையாளர் இரண்டு மாஸ்டரைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், இரண்டையும் லஃப்ஸில் சமமாக்கி அனுப்புங்கள், இல்லையென்றால் அவர் சத்தமாக இருப்பதைத்தான் எடுப்பார், நாமும் அதைத்தான் எடுத்திருப்போம். டிஜேவுக்குத் தனியாக ஒரு சத்தமான மாஸ்டர் செய்துகொடுப்பதில் தப்பே இல்லை.

வெளியிடுவதற்கு முன் பாட்டை யூடியூபில் அன்லிஸ்டட் ஆக (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, கம்ப்யூட்டரில் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பாருங்கள். வால்யூம் வரிசையில் கன்டென்ட் லவுட்னஸ் என்று ஒரு டெசிபல் எண் இருக்கும். கழித்தல் குறியோடு இருந்தால் யூடியூப் கை வைக்கவில்லை. 5, 6 என்று காட்டினால் அவ்வளவும் இறக்கப்படுகிறது, திரும்பப் போய் லிமிட்டரில் இரண்டு டெசிபல் விட்டுக்கொடுத்து மறுபடி கேட்டுப் பாருங்கள். பொதுவில் வெளியிட்ட வீடியோவின் ஆடியோவைப் பிறகு மாற்றி ஏற்ற முடியாது என்பதால் இந்த வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள்.