கன் பொருந்தினால் மட்டும் போதாது: மின்கார் வேக சார்ஜிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் இன்று விற்கும் மின்கார்களில் பெரும்பாலானவை சிசிஎஸ்2 என்ற வேக சார்ஜிங் இணைப்போடு வருகின்றன. அந்த நம்பிக்கையில், சார்ஜர் தேடும் செயலியில் ‘டிசி’ (நேர் மின்சாரம், வேக சார்ஜர் தருவது) என்று கண்டதுமே பலர் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பழைய நிலையங்கள் சிலவற்றில் இருப்பதோ பாரத் டிசி-001 என்ற வகை சார்ஜர்: 15 கிலோவாட், ஜிபி/டி என்ற வேறு வடிவக் கன் (கேபிள் முனையில் காரில் செருகும் பிடி). 72 வோல்ட் பேட்டரியில் ஓடிய இ-வெரிட்டோ, முதல் டிகோர் மின்கார் போன்றவற்றுக்காக வைத்தவை. 300 வோல்ட்டைத் தாண்டிய இன்றைய காருக்கு அது உதவாது, அடாப்டர் தேடுவதும் வீண். கிளம்பும் முன்பே கன் வகையைப் பார்த்துவிடுங்கள்.

22 கிலோவாட் டைப்2 இணைப்புள்ள சார்ஜர் கம்பம் வேக சார்ஜர் அல்ல. அது தருவது ஏசி (மாறு மின்சாரம்). அதை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அதன் திறன் 7.2 கிலோவாட் என்றால் அவ்வளவுதான் ஏறும்.

அதிகம் பேர் ஏமாறுவது கிலோவாட் கணக்கில்தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதே வாட். 60 கிலோவாட் சார்ஜரின் கன் 150 ஆம்பியர்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 330 வோல்ட்டில் இருக்கும் பேட்டரிக்கு 49.5 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்காது. பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் நின்றால், பல சார்ஜர்களில் இருக்கும் சக்தியும் பங்காகிவிடும். 800 வோல்ட் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜர் லேபிளில் உச்ச வோல்ட்டைப் பார்க்க வேண்டும். 500 என்றிருந்தால் சில 800 வோல்ட் கார்கள் அதில் சார்ஜ் ஏற்காது. ஐயோனிக் 5 ஏற்கும், ஏனெனில் அதன் மோட்டாரும் இன்வர்ட்டரும் சேர்ந்து வோல்ட்டை உயர்த்திக்கொள்கின்றன.

இலங்கைச் சாலைகளில் ஓடும் நிசான் லீஃப் கார்களுக்குச் சிக்கல் வேறு. அவற்றின் சாடெமோ என்ற வேக சார்ஜிங் இணைப்பு, சார்ஜரோடு கேன் என்ற தகவல் தொடர்பு முறை வழியாகப் பேசுகிறது. சிசிஎஸ் பேசுவது பிஎல்சி என்ற வேறு மொழி. ஆகவே வெறும் கம்பிகளை மாற்றி இணைக்கும் மலிவு அடாப்டர் வேலை செய்யாது. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் மின்னணுப் பலகை உள்ளே இருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் சார்ஜ் தொடங்கவில்லையா? கேபிளின் எடை கன்னைக் கீழே இழுப்பதால் சிக்னல் பின்கள் சரியாகத் தொடாமல் போகும். கன்னைத் தாங்கிப் பிடித்து, பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அப்போதும் வராவிட்டால் காரின் சிறிய 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். அது இறங்கியிருந்தால் காரின் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பு) விழிக்காது, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரும் மூடாது.