போட்டோ கிளப்பில் முதல் போட்டி: சிட்டி மார்க்கெட்டிலிருந்து திரை வரைக்கும் ஒரு படம்

கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். ஆயிரம் படமாவது எடுத்திருப்பீர்கள். வீட்டில் காட்டினால் "நல்லா இருக்கு" என்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாலு கைதட்டல் வரும். எந்தப் படம் நன்றாக இருக்கிறது, எதனால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதை உட்கார்ந்து சொல்ல ஆள் கிடைக்கும் இடம் போட்டோ கிளப். அங்கே மாதாமாதம் போட்டி நடக்கும். பரிசு வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் போட்டிகளில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, எடுத்த படங்களில் ஒன்றைப் பொறுக்குவது. எடுப்பதைவிட அது கடினம். அதனால் கீழே அந்தப் படிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பெங்களூருக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. யூத் போட்டோகிராபிக் சொசைட்டி என்ற கிளப் 1971-இல் இங்கே தொடங்கியது. காட்டு விலங்குகளைப் படமெடுப்பதில் பெரிய பெயர் பெற்று 2017-இல் காலமான டி.என்.ஏ. பெருமாள் இந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தவர். அவர் ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த கலைஞரிடம் நேரில் பழகித் தொழில் கற்றார். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரியாதவர் கற்பதுதான் கிளப்பின் அடிப்படையும்.

படி 1: முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போங்கள்

பெரும்பாலான கிளப்கள் விருந்தினர்களை ஒரு கூட்டத்துக்கு அனுமதிக்கும். கேட்டுவிட்டுப் போங்கள், படம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். திரையில் ஓடும் மற்றவர்களின் படங்களுக்கு மனசுக்குள் நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். நடுவர் சொல்வதோடு எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே முரண்படுகிறீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரம் யூடியூபில் கிடைக்காது. போட்டி தவிர அவுட்டிங் (எல்லோரும் சேர்ந்து படமெடுக்கப் போவது), பயிற்சி வகுப்பு, வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி என்று என்னென்ன நடக்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

படி 2: பிரிவு விதிகளைப் படியுங்கள்

போட்டிப் பிரிவுகள் வழக்கமாக இவை: ஓபன் கலர், ஓபன் மோனோக்ரோம் (ஓபன் என்றால் எதைப் பற்றிய படமும் வரலாம்), நேச்சர், டிராவல், போட்டோ ஜர்னலிசம். கிளப்புக்குக் கிளப் இதில் சில கூடும், சில குறையும். விளக்கங்களைப் பெரும்பாலும் ஃபியாப் என்ற உலகப் புகைப்படக் கூட்டமைப்பின் விதிகளை ஒட்டியே எழுதியிருப்பார்கள். 1950-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான அமைப்பு அது. அதன் ஆதரவில் நடக்கும் பெரிய போட்டிகளை 'சலோன்' என்பார்கள். சலோன்களில் படங்கள் ஏற்கப்பட ஏற்கப்பட ஏ.எஃப்.ஐ.ஏ.பி., ஈ.எஃப்.ஐ.ஏ.பி. என்று பட்டங்கள் வரும். கிளப்பில் சிலர் பெயருக்குப் பின்னால் பார்ப்பீர்கள். இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

என் முதல் வருடத்தில் லால்பாக் கண்ணாடி மாளிகைக்குள், குடியரசு தின மலர்க் கண்காட்சியில், ஒரு ரோஜாவை எடுத்தேன். இதழ் ஓரத்தில் நீர்த்துளி, பின்னணி முழுக்க இருட்டு. நேச்சர் பிரிவுக்கு அனுப்பினேன். நடுவர்களிடம் போகும் முன்பே அதை நீக்கிவிட்டார்கள். மனிதர் வளர்த்த செடியும், கலப்பின மலரும், வீட்டு விலங்கும் நேச்சரில் சேராது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அதே ரோஜா ஓபன் கலரில் போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

நேச்சரில் இன்னும் கறாரான விதி ஒன்று உண்டு. படத்தில் இருப்பதை அழிக்கவோ நகர்த்தவோ, இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. ஓரத்தை வெட்டலாம். கொக்கின் கழுத்தை உரசும் குச்சியை மென்பொருளில் துடைத்தால் படம் போச்சு.

மோனோக்ரோம் என்றால் கறுப்பு வெள்ளை, அல்லது படம் முழுக்க ஒரே நிறச் சாயல். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுக் கனகாம்பரத்தை மட்டும் ஆரஞ்சாக விட்டால் அது கலர் பிரிவுப் படம். டிராவல் பிரிவில் முகத்தையோ கையையோ நெருக்கமாகக் காட்டினால், அது எந்த இடம், எந்தச் சூழல் என்று தெரிய ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். ஆளை நிறுத்தி, சொல்லிக்கொடுத்து எடுத்த படம் அதில் பொருந்தாது.

எந்தப் பிரிவானாலும் படத்தின் ஒவ்வொரு பகுதியும் நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரே தட்டில் வானத்தை மாற்றித்தரும் ஆப்கள் யாரோ எடுத்த மேகத்தைத்தான் ஒட்டுகின்றன. அந்தப் படம் தகுதி இழக்கும்.

படி 3: அவுட்டிங்

கிளப்போடு போகும் முதல் அவுட்டிங் பெரும்பாலும் கே.ஆர். மார்க்கெட்டாக இருக்கும். நம்மவர்களுக்கு அது சிட்டி மார்க்கெட். விடியும் முன்பே பூ வந்து இறங்கும். ஓசூர்ப் பக்கத்துப் பூவும் வருவதால் தமிழ்க் குரலுக்குக் குறைவில்லை. வரமகாலட்சுமி, ஆயுத பூஜை சமயத்தில் கால் வைக்க இடம் இருக்காது. முதல் முறை போகிறவர்கள் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

கேமராவில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: லென்ஸ் திறப்பு எஃப்/1.8 அல்லது எஃப்/2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600-லிருந்து 3200 வரை, ஷட்டர் 1/100 நொடி. ஏன் 1/100? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல்புகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் சில பல்புகளுக்கு அடியில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். சைலண்ட் ஷட்டரில் இது இன்னும் மோசம். ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக, எடுங்கள். தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பதால் முகங்களில் நீலம் ஏறும். ராவில் இருந்தால் பிறகு சரிசெய்யலாம். போனில் எடுப்பவர்களும் தாராளமாக வரலாம், லென்ஸை மட்டும் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் மாடிக்கு ஏறி, கீழே குவிந்திருக்கும் பூவை மேலிருந்து எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள், கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தப் படத்தை நடுவர்கள் நிறையப் பார்த்தாயிற்று. சீக்கிரம் கீழே இறங்குங்கள். மூட்டை சுமந்து வருபவர்களின் வழியில் நிற்காதீர்கள். நமக்கு அது ஒரு ஃபிரேம், அவர்களுக்குக் கழுத்தில் பாரம்.

கேமராவைத் தூக்கும் முன் ஒரு வார்த்தை பேசுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் போதும். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். சரி என்றால் உடனே எடுக்காதீர்கள். முதல் ஒரு நிமிடம் அவர்கள் கேமராவுக்காக இருப்பார்கள். பிறகு வேலை அவர்களை இழுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய படம் அதற்குப் பிறகுதான்.

அப்படி எனக்குக் கிடைத்தது ஒரு முழம். கதம்பம் விற்கும் ஒரு அம்மா சரத்தின் நுனியை நடுவிரலில் பிடித்து, முழங்கை வரை இழுத்து அளந்தார். நாம் முழம் என்பதை வாங்க வந்தவர் கன்னடத்தில் 'மொள' என்றார். சரம் விறைப்பாக நின்ற அந்த அரை நொடியில் முன்கை, சரம், கீழே எவர்சில்வர் தட்டு மூன்றும் ஒரு முக்கோணமாக வந்தன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் அதையே திரும்பச் செய்தார். நான் அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றேன். மொத்தம் 186 படம்.

படி 4: பொறுக்குதல்

அன்று மாலையே உட்காராதீர்கள். குளிரில் எழுந்தது, கால் வலித்தது, அந்த அம்மா சிரித்தது எல்லாம் நினைவில் இருக்கும். நினைவில் இருப்பது படத்திலும் இருப்பதாகத் தோன்றும். நடுவருக்குத் தெரியப்போவது படம் மட்டும்தான். மூன்று நாள் போகட்டும்.

முதல் சுற்றில் ஃபோகஸ் தவறியவை, கண் மூடியவை, கை பாதி வெட்டுப்பட்டவை போகட்டும். எனக்கு 186-இல் 40 மிஞ்சியது. இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் என்ன நடக்கிறது என்று புரியும் படங்களை மட்டும் வையுங்கள். ஒன்பது ஆனது. மூன்றாம் சுற்று ஓரங்களுக்கு. நான்கு மூலையிலிருந்தும் தொடங்கி விளிம்போடு கண்ணை மெதுவாக ஓட்டுங்கள். பாதி தெரியும் செருப்பு, பளிச்சென்ற பிளாஸ்டிக் கவர், யாருடையதோ முழங்கை எல்லாம் எடுக்கும்போது தெரியவே தெரியாது. மூன்று மிஞ்சியது.

இனிமேல் நம் கண் போதாது. போட்டோ எடுக்காத ஒருவரிடம் காட்டுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், பதில் தெரிந்ததுதான். 'முதலில் என்ன தெரியுது' என்று கேளுங்கள். அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்கு மிகவும் பிடித்த படத்தைக் காட்டினேன். "மஞ்சப் பை தெரியுது. யாருது அது?" என்றார். இடது ஓரத்தில் ஒரு வாடிக்கையாளரின் துணிப்பை. பத்து முறை பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. அதே வரிசையில் இரண்டு படம் தள்ளி, பூக்கார அம்மாவின் முழங்கை அந்தப் பையை மறைத்திருந்தது. முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் சரம் அதே விறைப்பு. அதையே எடுத்துக்கொண்டேன். ஓபன் பிரிவில் பையை மென்பொருளில் அழிக்க அனுமதி இருக்கலாம், டிராவலில் கிடையாது. பக்கத்துப் படத்தைத் தேடிப் பழகினால் இரண்டுக்கும் அதே படம் ஆகும்.

படி 5: ஃபைல் தயாரிப்பு

இது கணக்கு வேலை, சீக்கிரம் முடிந்துவிடும். பல கிளப்கள் அதிகபட்சம் 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம் என்று கேட்கும். உங்கள் கிளப் கேட்கும் அளவைப் பாருங்கள். புதியவர்கள் வழுக்குவது நெட்டுக்குத்தான படத்தில். அதைத் திருப்பி 1920 உயரத்தில் அனுப்புவார்கள். உயரம் எப்போதும் 1080-ஐத் தாண்டக் கூடாது, திரை திரும்பாதே! நிறவெளி (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி, ஃபைல் வகை ஜேபெக். படத்தில் பெயர், கையெழுத்து, வாட்டர்மார்க் எதுவும் வேண்டாம். நடுவர்களுக்கு யார் படம் என்று தெரியாமல் இருப்பதுதான் முறை. அசல் ரா ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். பரிசுக்கு வரும் படத்துக்கு, அதிலும் நேச்சருக்கு, அதைக் கேட்பது வழக்கம். தலைப்பு சுருக்கமாக இருக்கட்டும். நான் 'ஒரு முழம்' என்று கொடுத்தேன்.

படி 6: நடுவர் முன்னால்

வழக்கமாக மூன்று நடுவர்கள். ஒரு படம் திரையில் சில நொடிகளே நிற்கும். ஒவ்வொருவரும் மதிப்பெண் கொடுப்பார்கள், கூட்டுத்தொகை ஒரு எல்லையைத் தொட்டால் 'அக்செப்டன்ஸ்', அதாவது படம் ஏற்கப்பட்டது. எங்கள் கிளப்பில் ஒருவருக்கு 5 வீதம் மொத்தம் 15. 'ஒரு முழம்' 9 வாங்கியது. அந்த மாத எல்லை 10.

மதிப்பெண் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கருத்து சொல்லும் நேரம் அதற்குப் பிறகுதான். உங்கள் படம் திரையில் வரும்போது விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். அந்த அம்மா யார், எத்தனை மணிக்குப் போனேன் என்றெல்லாம். பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நடுவர் என் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், வலது ஓரத்தில் விரலை வைத்தார். "சரம் இங்கே வந்து நிக்குது. நுனிக்கு அப்புறம் கொஞ்சம் இடம் விடுங்க. முழம் முடியற இடம் தெரியணும்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்து ரா ஃபைலைத் திறந்தேன். வலது பக்கம் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. நேர்த்தியாக இருக்கட்டும் என்று நானேதான் வெட்டியிருக்கிறேன். திரும்ப விட்டேன். நடுவிரல், சரத்தின் நுனி, அதற்கு அப்பால் கொஞ்சம் இருட்டு. படம் அப்படியே மாறிவிட்டது.

அதே படத்தை மறுபடி அனுப்பலாமா என்பது கிளப் விதியைப் பொறுத்தது. மாதப் போட்டியில் அனுமதி இல்லாவிட்டாலும் ஆண்டுக் கண்காட்சிக்கு பிரிண்டாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

படி 7: பிரிண்ட்

கடைக்குப் போகும் முன் அளவைப் பாருங்கள். 12-க்கு 18 அங்குலம் என்பது 3:2 விகிதம், பெரும்பாலான கேமராக்களுக்குப் பொருந்தும். போன் படம் வழக்கமாக 4:3. அதை அப்படியே கொடுத்தால் கடையில் மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். 12-க்கு 16 கேளுங்கள். காகிதம் மினுக்கமில்லாத 'மேட்' வகையாக இருந்தால் கண்காட்சி விளக்கு பட்டுப் பளபளக்காது. திரையில் பார்ப்பதைவிட பிரிண்ட் கொஞ்சம் இருட்டாகவே வரும். முதலில் போஸ்ட்கார்டு அளவில் மூன்று போடுங்கள்: அசல் ஒன்று, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றியது ஒன்று, இன்னும் ஏற்றியது ஒன்று. மூன்றையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நிழலில் நின்று, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எதில் சரத்தின் நூல் தனியாகத் தெரிகிறதோ அதைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.