சிரங்கு மருந்து போட்ட பிறகும் அரிக்கிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

சிரங்கை (ஸ்கேபிஸ்) உண்டாக்கும் நுண்ணிய பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்து முதல் பாதம் வரை தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளித்தாயிற்று. ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறையும் போட்டாயிற்று. இன்னும் ராத்திரியானால் அரிக்கிறது. உடனே மருந்துக்கடைக்குப் போய் இன்னொரு ட்யூப் வாங்கிவிடாதீர்கள்.

பூச்சி செத்தாலும் அதன் உடலும் முட்டையும் கழிவும் மேல்தோலுக்குள் கொஞ்ச நாள் கிடக்கும். அவற்றால் வரும் அலர்ஜிதான் இந்த அரிப்பு. பொதுவாக 2 முதல் 4 வாரம் இருக்கும், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். அதற்குள் க்ரீமைத் திரும்பத் திரும்பத் தடவினால் தோல் வறண்டு எரியும். அந்த எரிச்சலே புது அரிப்பாகிவிடும்.

படி 1: கடைசியாக மருந்து போட்ட தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை செல்போனில் படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். புதிதாகக் கொப்புளம் இல்லாமல் அரிப்பு மெல்லக் குறைந்தால், ஆறி வருகிறது என்று அர்த்தம். அக்குளிலும் பிறப்புறுப்பிலும் வரும் கெட்டி முடிச்சுகள் மட்டும் மாதக்கணக்கில் இருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படி 2: குளியலை மாற்றுங்கள். அரிக்கும் இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றினால் அந்த நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோல் காய்ந்து, அப்புறம் இரண்டு மடங்கு அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். தினமும் இரண்டு மூன்று தடவை தடவலாம். இந்த ஒரு பழக்கமே பாதி வேதனையைக் குறைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

படி 3: படுப்பதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்பு தாங்காதபோது குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். புண் இல்லாத இடத்தில் காலமைன் லோஷன் பூசலாம். தூக்கமே கெட்டால் அலர்ஜி மாத்திரை தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அரிப்பை அமுக்கிவிடும், பூச்சி மிச்சமிருந்தால் அது தெரியாமலே பெருகும். ஸ்டீராய்டு தேவையா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட்டீர்களா? அரிப்பு இல்லை என்று ஒருவர் விட்டிருந்தால்கூட அவரிடமிருந்து திரும்பத் தொற்றும். புதுக் கொப்புளமோ மெல்லிய கோடு போன்ற தடமோ தெரிந்தாலும், 4 வாரம் தாண்டியும் குறையாவிட்டாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அத்தனை நாள் காத்திருக்கக் கூடாது. சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வரை பாதிக்கும். முகம் வீங்கினாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.