புகைபோக்கி உடைந்து தளம் ஒழுகும்போது அவசரத்தில் செய்யும் தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை பக்கம் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லைத் தென்னை அடுப்படிப் புகைபோக்கியின் மேல் சாய்ந்தது. விறகடுப்பை விட்டுக் காஸ் அடுப்புக்கு மாறிப் பல வருஷம் ஆகியும், அந்தச் செங்கல் கூண்டை யாரும் இடிக்கவில்லை. அதன் மேல் பாதி உடைந்து மொட்டை மாடியில் சிதறிக் கிடந்தது. விடிந்ததும் அப்பா ஏணியைத் தூக்கினார். அம்மா விடவில்லை. அம்மா செய்ததுதான் சரி.

மழை நின்ற உடனே மேலே ஏறாதீர்கள். பாசி படிந்த தளம் வழுக்கும். அறுந்த மின்கம்பி மாடியில் கிடக்கலாம். பாதி உடைந்த புகைபோக்கி, காற்று நின்ற பிறகும் எப்போது வேண்டுமானாலும் சரியலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் உடைந்து ஆளையே கீழே தள்ளிவிடும். அதை அறுப்பதும் துளை போடுவதும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வீட்டுக்குள் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டினால் மெயினை அணைத்துவிடுங்கள். மெயின் போர்டே நனைந்திருந்தால் கிட்டப் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், பெருக்கித் தள்ளும் முன் போட்டோ எடுங்கள். உடைந்த இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை உடைந்ததை அப்படியே வையுங்கள். புயல் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்கும், நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடைக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டப் போட்டோதான் சாட்சி. அரசு நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அதையே காட்டலாம்.

தற்காலிகமாகத் தார்ப்பாய் போடும்போது ஒரு தவறு நடக்கும்: அது மழைநீர்க் குழாயின் வாயை மூடிவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை நாலரை டன்னுக்கு மேல். ஏற்கெனவே அடிபட்ட தளத்தின் மேல் அவ்வளவு பாரம் ஏறக்கூடாது.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு இதற்கெல்லாம் பிறகுதான். கூடத்தின் நடுவில் சொட்டியது. கொத்தனார் அதற்கு நேர் மேலே மாடியைக் கொத்திப் பூசினார். அடுத்த மழையில் அதே இடத்தில் சொட்டியது. தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. புகைபோக்கியின் அடிப்பக்கம், செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் விளிம்பில் இறங்கிய நீர், மாடியில் பதித்த தட்டோட்டுக்கு அடியிலேயே எட்டடி ஓடி, தளத்தில் விரிசல் இருந்த இடத்தில் வெளியே வந்திருக்கிறது. வெயில் நாளில் புகைபோக்கியைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். சாயங்காலத்துக்குள் கூடத்தில் சொட்டு விழுந்தது. நீங்களும் இப்படி ஒவ்வொரு பகுதியாகச் சோதியுங்கள். மாடி முழுக்க ஒரே நாளில் தண்ணீர் விட்டால் எந்த இடம் குற்றவாளி என்று தெரியாது.

அந்த விளிம்பில் வெறும் சிமெண்ட் கலவையை அப்பிவிட்டுப் போவது இன்னொரு தவறு. வெயிலில் செங்கல்லும் கான்கிரீட்டும் வேறு வேறு அளவில் விரியும். இறுகிப்போன சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்காமல் அடுத்த கோடையிலேயே வெடித்துவிடும். விரிசலைப் பள்ளமாக வெட்டி, பாலியூரித்தேன் போல இழுபடும் சீலன்ட்டை நிரப்ப வேண்டும். மேலே ஃபைபர் வலை வைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் முக்கால் அடியாவது ஏற்றிப் பூச வேண்டும். ஈரத் தளத்தில் அந்தப் பூச்சைப் பூசினால் கொப்பளித்து உரிந்து வரும். இதற்காகவாவது வெயில் காலம் வரை பொறுங்கள்.

எங்கள் புகைபோக்கி இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. வருஷா வருஷம் தண்டை மட்டும் ஒடித்துப் போட்டோம். உள்ளே வேர் விரல் தடிமனுக்குப் பருத்துச் செங்கல் வரிசையையே பிளந்திருந்தது. புயல் உடைத்ததில் பாதி, இந்த வேர் முன்பே உடைத்ததுதான். அந்தச் செங்கற்களைப் பிரித்து, வேரை முழுசாக எடுக்காமல் மேலே பூசாதீர்கள்.

தளத்தின் அடிப்பக்கம் பொருக்கு விட்டுக் கம்பி தெரிந்தால், பூசிப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதுதான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிதுக்கித் தள்ளுகிறது. மேலே பூசிய கலவை ஒருநாள் பாளம் பாளமாக ஆள் தலையில் விழும். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைப் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்பு அடித்த பிறகுதான் பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை பூச வேண்டும். கம்பி இளைத்துப் போயிருந்தால் இது கொத்தனார் வேலை இல்லை, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் கடைசியில் புகைபோக்கியை எடுத்துவிட்டோம். வந்த ஆள் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். அப்பா மறுத்துவிட்டார், அத்தனை செங்கல்லும் ஒன்றாக விழுந்தால் தளம் தாங்காது. மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கழற்றி இறக்கினார்கள். ஓட்டையைப் பலகைக்கல் வைத்து மூடினால் ஓரம் மறுபடி ஒழுகும். அதனால் பழைய தளத்தின் விளிம்பைக் கொத்தி, உள்ளிருக்கும் கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டி, கான்கிரீட் போட்டுப் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். நன்றாகக் காயவிட்டு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, தட்டோடு பதிக்கும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கினோம். இரண்டு நாளும் அம்மா அடுப்படிக் கூரையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் கொத்தனாருக்கு மீதிக் கூலியைக் கொடுத்தோம்.