டர்போ டீசல் பிக்கப்பை அணைக்கும் முன்: புதிதாக ஓட்டுபவர்களுக்கு

ஏர்கான் சர்வீஸ் வேலைக்காக நான் முதலில் வாங்கிய பிக்கப் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழைய வண்டி. வாங்கி எட்டு மாதத்தில் இழுவை குறைந்தது, மேட்டில் ஏறினால் பின்னால் நீலப் புகை, கூடவே தூரத்தில் சைரன் அடிப்பது போல ஓர் ஊளைச் சத்தம். சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போவைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன், அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாயின் வாயை என் முகத்துக்கு நேரே நீட்டி, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டினார். தீய்ந்துபோன சட்டியின் அடியைக் கரண்டியால் கீறினால் வருமே, அதுபோலக் கறுப்புப் பொருக்கு உதிர்ந்தது.

"ஆயில் வெந்து கரியாயிடுச்சு தம்பி. எக்ஸ்பிரஸ்வேயில வேகமா வந்து படக்குனு ஆஃப் பண்ணுவீங்களா?"

பண்ணுவேன். எனக்கு முன் வைத்திருந்தவரும் பண்ணியிருப்பார், எட்டு மாதத்தில் இவ்வளவு சேராது. பில் நாலு இலக்கத்தில் வந்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். டர்போ என்பது ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். ஒரு சக்கரத்தை இன்ஜினின் புகை சுழற்றுகிறது, மறுமுனையில் இருப்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. முழு வேகத்தில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலும். பெரும்பாலான பிக்கப் டர்போக்களில் அதைத் தாங்குவது, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பேரிங்குக்குள் மெல்லியதாகப் படர்ந்திருக்கும் ஆயில் மட்டும்தான், அந்த ஆயிலை அனுப்புவது இன்ஜினின் ஆயில் பம்ப். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஆனால் ஷாஃப்ட் உடனே நிற்காது.

பாரத்தோடு மிதித்து ஓட்டும்போது டர்போவுக்குள் போகும் புகையின் சூடு 600, 700 டிகிரி செல்சியஸைத் தொடும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐட்லிங்கில் நிற்கும்போது அதில் பாதிகூட இருக்காது. கொதிக்கக் கொதிக்க அணைத்தால், புகைப்பக்கத்து இரும்பில் தங்கியிருக்கும் சூடு மெதுவாக நடுவில் பேரிங் இருக்கும் இடத்துக்கு நகர்ந்து, அங்கே அசையாமல் தேங்கி நிற்கும் ஆயிலை வறுக்கிறது. நான் பார்த்த பொருக்கு அப்படி வந்ததுதான். இப்போதைய வண்டிகள் பலவற்றில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீரும் ஓடுகிறது, இன்ஜின் நின்ற பிறகும் சூட்டினாலேயே அது கொஞ்ச நேரம் தானாகச் சுழன்று குளிர்விக்கும். அதனால் ஆபத்து குறைவு, ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

இனி செய்முறை.

முதல் படி, கடைசி ஐந்து நிமிடம் எப்படி ஓட்டினீர்கள் என்று யோசியுங்கள். காலையிலிருந்து எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பது இங்கே கணக்கில் வராது. தோ பாயோவில் புளோக்குக்குப் புளோக் நகர்ந்து, சிக்னலில் நின்று நின்று வந்திருந்தால் டர்போ ஏற்கெனவே ஆறித்தான் இருக்கும், நிறுத்தியதும் அணைத்துவிடலாம். துவாஸிலிருந்து பின்னால் டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் வந்து இறங்கிய வேகத்தில் வேலையிடத்துக்குள் நுழைந்தீர்கள் என்றால் அது வேறு கதை. நம் பிக்கப்களுக்கு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர்தானே வரம்பு, அதில் என்ன சூடாகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், காலி வண்டியைச் சமதரையில் 70இல் ஓட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பாரமும் ஏற்றமும் சேரும்போதுதான் சிக்கல், முழுப் பாரத்தோடு சுரங்கச் சாலையிலிருந்து மேலே ஏறிப் பாருங்கள், கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும்.

இரண்டாம் படி, இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். விரைவுச்சாலையிலிருந்து விலகியதும் காலைத் தளர்த்துங்கள், முன்னால் பச்சை விளக்கு தெரிகிறதே என்று சீறிப் பாயாதீர்கள், இன்ஜின் முனகாத கியரில் லேசாக உருட்டிக்கொண்டு வாருங்கள். இன்ஜினுக்கு வேலை குறைந்தால் புகையின் சூடு சட்டென்று இறங்கிவிடும், டர்போவுக்கு ஆயிலும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், முன்னாலிருந்து காற்றும் அடிக்கும். நின்ற இடத்தில் ஐட்லிங் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். நம் ஊரில் வீட்டுப் பேட்டைக்குள் நுழைந்தாலே வேகத்தடை, பள்ளி வாசல், கார்ப்பார்க் கேட் என்று வண்டியை ஆற்றுவதற்கென்றே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்!

மூன்றாம் படி, நிறுத்திய பிறகு. நியூட்ரல், கைப்பிரேக், ஏர்கானை அணைத்துவிடலாம். கடைசி கிலோமீட்டரை மெதுவாக ஓட்டியிருந்தால் சீட் பெல்ட்டைக் கழற்றி, போனை எடுத்து, டெலிவரி ஆர்டரைத் தேடும் அந்த அரை நிமிடம் போதும். வழியில் மெதுவாக ஓட்ட வாய்ப்பே கிடைக்காமல், பாரத்தோடு ஏறி வந்து அப்படியே நிறுத்த நேர்ந்தால் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். அதற்கு மேல் விடுவதில் பயன் இல்லை. டீசல் இன்ஜின் வெறுமனே ஓடினால் சரியாக எரியாமல் கரி சேரும், டீசலும் வீண். இதற்கென்றே ஒரு சின்ன அட்டவணை பல வண்டிகளின் கையேட்டில் இருக்கிறது, டேஷ்போர்டு பெட்டியில் தூங்கும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், உங்கள் வண்டிக்கு அது சொல்வதுதான் கணக்கு.

சட்டமும் இருக்கிறது. சாலை நெரிசல் போன்ற காரணம் இல்லாமல் நிற்கும் வண்டியின் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம், நீதிமன்றம்வரை போனால் 5,000 வெள்ளிவரை அபராதம். இதற்காகவும்தான் நின்று ஆற்றுவதைவிட மெதுவாக ஓட்டி வருவதே மேல் என்கிறேன். டர்போ ஆறட்டும் என்று கார்ப்பார்க்கில் பத்து நிமிடம் உறுமவிட்டு, மேல் மாடியில் துணி காயப்போடும் ஆன்ட்டியிடம் திட்டு வாங்குவது வேறு. சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைத் தானாக ஓடவிடும் டர்போ டைமர் மாட்டச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், இரண்டாம் படியைச் செய்பவருக்கு அது தேவையே இல்லை.

நான்காம் படி என்று தனியாக எண் கொடுக்கிறேன், ஏனென்றால் பழைய லாரிக்காரர்களிடம் பழகியவர்களுக்கு இது தொற்றியிருக்கும்: அணைக்கும் முன் ஒரு உறுமு உறுமிவிட்டு அணைப்பது. செய்யவே செய்யாதீர்கள். அந்த ஒரு மிதியில் ஷாஃப்ட் வேகமெடுக்கிறது, அடுத்த நொடி நீங்கள் ஆயிலை நிறுத்துகிறீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் இதே கதைதான், ஆயில் டர்போவரை போய்ச் சேர அரை நிமிடம் கொடுத்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், அது நடுவில் நிற்கிறது என்பதால் டர்போ ஆறிவிட்டதாக ஆகாது. பெட்ரோல் நிலையத்தில் இன்ஜினை அணைத்தே ஆகவேண்டும், ஆகவே விரைவுச்சாலையிலிருந்து நேரே பம்புக்குப் போகிற நாளில் அதற்கு முந்தைய சாலையிலேயே காலைத் தளர்த்துங்கள். 2018 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் டீசல் வண்டிகள் புகை மாசுக்கான யூரோ 6 தரத்தவை, அவற்றில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது ஐட்லிங் கொஞ்சம் ஏறும், மின்விசிறி இரையும், சூடான வாடை வரும். முடிந்தால் இன்னொரு சுற்று ஓட்டி அதை முடிக்க விடுங்கள், அவசரம் என்றால் அணைக்கலாம், அடுத்த ஓட்டத்தில் தொடரும். ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம், கையேடு சொல்லும் தரம், அது சொல்லும் கிலோமீட்டர். பழைய ஆயில் சீக்கிரம் கரியாகும்.

மறந்துபோய்ச் சூட்டோடு அணைத்துவிட்டால்? உடனே நினைவு வந்தால் திரும்ப ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு அணையுங்கள். கோப்பிக் கடையில் பாதிக் கோப்பி குடித்த பிறகுதான் நினைவு வருகிறது என்றால் எழுந்து ஓட வேண்டாம், வறுபட வேண்டியது அதற்குள் வறுபட்டிருக்கும். மீதிக் கோப்பியைக் குடியுங்கள், ஒரு நாளில் எந்த டர்போவும் போய்விடாது.