போக்கிமான் கார்டு ஜிபி2: நிபந்தனை போடும் எதிராளிக்கு டெக் கட்டுவது எப்படி?

கேம்பாய் கலருக்கு வந்த போக்கிமான் கார்டு விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கருத்து உடனே வரும். ஒன்று, "முதல் பாகத்தைவிடப் பெரிசு, கார்டும் அதிகம், இன்னும் நல்லா இருக்கு." இன்னொன்று, "போகப்போக எதிராளிகள் கண்ட விதியெல்லாம் போடுகிறார்கள், நான் ஆசையாகக் கட்டிய டெக்கை (ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் கார்டுக் கட்டை) பயன்படுத்தவே விடமாட்டேன் என்கிறார்கள்." முதல் கருத்தில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. அந்த நிபந்தனைகள்தான் இந்த விளையாட்டின் உயிர் என்பது என் எண்ணம். முதல் பாகத்தை ஒரே டெக்கை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டிவிடலாம். இரண்டாம் பாகம் உங்களை டெக் கட்டக் கற்றுக்கொள்ள வைக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதை யாரும் படிப்படியாகச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் பாகம் ஜப்பானில் 1998 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2000-லும் வெளியானது. 2023 ஆகஸ்டிலிருந்து நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் அது கிடைக்கிறது. இரண்டாம் பாகம் 2001 மார்ச் 28-ல் ஜப்பானில் மட்டும் வந்தது; ஜப்பானுக்கு வெளியே அந்தக் கார்ட்ரிட்ஜை நிறுவனம் விற்கவே இல்லை. எனவே பழகுவதற்கு முதல் பாகம்தான் சரியான இடம். இரண்டிலும் அடிப்படை விதிகள் ஒன்றே. முதல் பாகத்தில் பார்த்த கார்டுப் படங்களை இரண்டாவதிலும் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். ஜப்பானிய எழுத்து தெரியாதவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது விளையாடும்போதுதான் புரியும்.

குறைந்தது நான்கு கிளப் தலைவர்களையாவது முதல் பாகத்தில் வென்றுவிட்டு இரண்டாம் பாகத்துக்கு வாருங்கள். எட்டுப் பேரையும் முடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

படி 2: இரண்டாம் பாகத்தைக் கையில் எடுப்பது

கேம்பாய் கலரில் நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜை எந்த நாட்டுக் கருவியில் போட்டாலும் ஓடும். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆட்டத்தைச் சேமிப்பது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியின் தயவில்தான். இருபது வருடம் தாண்டிய பேட்டரி என்பதால் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் விளையாடி, சேமித்து, கருவியை அணைத்து, மறுநாள் திறந்து பாருங்கள். சேமித்தது காணாமல் போயிருந்தால், சாலிடரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது பழைய சேமிப்பு அழிந்துவிடும் என்பதால் இதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே செய்துவிடுவது நல்லது.

மொழிதான் அடுத்த தடை. ரசிகர்களே உட்கார்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு, கதையை முழுசாகப் பின்தொடர அது உதவும். ஜப்பானிய மொழியிலேயே ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனர்ஜிக் குறி (ஓர் அடிக்கு எந்த வகை எனர்ஜிக் கார்டு வேண்டும் என்பது), அடியின் அளவு, உயிர்ப்புள்ளி எல்லாம் படமும் எண்ணுமாகவே இருப்பதால் ஆட்டத்தை ஒப்பேற்றிவிட முடியும். எதிராளி போடும் நிபந்தனையை மட்டும் படித்துப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

படி 3: என்ன மாறியிருக்கிறது?

கதை சின்னதுதான். ஜிஆர் என்ற கூட்டம் வந்து எல்லோருடைய கார்டுகளையும் பறித்துக்கொண்டு போகிறது, கிளப் தலைவர்களையும் கடத்துகிறது. முதல் பாதி பழைய தீவில் நடக்கிறது. அப்புறம் ஜிஆர் கூட்டத்தின் தீவுக்குப் போகிறீர்கள். ஆண், பெண் என இரண்டு பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் பாகத்தில் 200-க்கு மேல் இருந்த கார்டுகள் இதில் 400-ஐத் தாண்டுகின்றன. டீம் ராக்கெட் என்ற கார்டுத் தொகுப்பின் 'டார்க்' போக்கிமான்களும் இதில் சேர்ந்துவிட்டன. டார்க் வகைக்குப் பொதுவாக உயிர்ப்புள்ளி குறைவு, அடி மூர்க்கம். கையில் வைத்து ஆடிப் பார்த்தால் அது தனி ருசி.

ஜிஆர் தீவுக்குப் போனதும்தான் பலருக்கும் கோபம் வருகிறது. அங்கே சில ஆட்டங்களுக்கென்று சிறப்பு விதி உண்டு: பெஞ்சில், அதாவது போக்கிமான்கள் காத்திருக்கும் இடத்தில், வைக்கும் எண்ணிக்கை குறையும்; பின்வாங்குவதற்கு, அதாவது முன்னால் நிற்பதைப் பெஞ்சுக்கு அனுப்புவதற்கு, கூடுதல் எனர்ஜி கேட்கும். இன்னும் சிலர், இன்ன மாதிரி டெக்கோடு வந்தால்தான் ஆடுவேன் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இதைச் சமாளிக்க ஒரு டெக்கை உருட்டினால் போதாது, டெக் கட்டும் முறை தெரிய வேண்டும். அதற்கு வருவோம்.

படி 4: 60 கார்டு, அதில் எத்தனை எது?

டெக் என்றால் சரியாக 60 கார்டு. ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

புதியவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அடிப்படைப் போக்கிமான்களின் (இன்னொன்றிலிருந்து பரிணாமம் ஆகாமல் நேராகக் களத்தில் வைக்கக்கூடியவை) எண்ணிக்கை. ஆட்டம் தொடங்கும்போது கையில் ஏழு கார்டு வரும். அதில் அடிப்படைப் போக்கிமான் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கலைத்துப் போட்டு மறுபடி எடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெக்கில் 8 அடிப்படைப் போக்கிமான் இருந்தால், முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போக ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. 12 இருந்தால் 19 சதவீதம். 16 இருந்தால் 10 சதவீதம். கலைத்துப் போடுவதுகூடப் பரவாயில்லை. ஒரே ஒரு போக்கிமானோடு தொடங்கி, எதிராளி அதை வீழ்த்தியதும் பெஞ்சில் ஆள் இல்லாமல் இரண்டாவது சுற்றிலேயே தோற்றுப் போவதுதான் கொடுமை. எனவே தொடக்க டெக்கில் 14 முதல் 16 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு கார்டை ஒன்றே ஒன்று வைத்தால் முதல் ஏழில் அது வர 12 சதவீத வாய்ப்புகூட முழுசாக இல்லை. நான்கு வைத்தால் 40 சதவீதம். பிடித்த போக்கிமான்களில் ஆளுக்கொன்றாக அள்ளிப் போட்ட டெக் ஏன் எப்போதும் காலை வாருகிறது என்பதற்கு இதுதான் விடை. நம்பி இருக்கும் கார்டை நான்கு போடுங்கள்.

எனர்ஜி 22 முதல் 26 வரை. ஒரு சுற்றுக்கு ஒரு எனர்ஜிதான் பொருத்த முடியும் என்பதால், நான்கு எனர்ஜி கேட்கும் அடியெல்லாம் தொடக்கத்தில் எட்டாக்கனி. ஒன்றிலோ இரண்டிலோ வேலை முடியும் அடிகளைத் தேடுங்கள். மிச்சம் இருப்பது டிரெய்னர் கார்டு, அதாவது சண்டை போடாமல் உதவி மட்டும் செய்யும் கார்டு.

படி 5: ஒரு மாதிரி டெக்

அபூர்வக் கார்டு அதிகம் இல்லாமல் கட்டக்கூடிய ஒன்று இது.

போக்கிமான், 18: மசாப் 4, மசோக் 2 (மசாப்பின் பரிணாமம்), ஹிட்மோன்சான் 2, பிகாச்சு 4, எலக்டபஸ் 2, ரட்டாட்டா 4.

எனர்ஜி, 24: சண்டை 14, மின்னல் 10.

டிரெய்னர், 18: பில் 4, புரொபசர் ஓக் 2, போஷன் 4 (அடிபட்டதை ஆற்றுவது), ஸ்விட்ச் 4, கஸ்ட் ஆஃப் விண்ட் 2 (எதிராளியின் பெஞ்சில் உள்ளதை முன்னால் இழுப்பது), பிளஸ்பவர் 2 (அடியைக் கூட்டுவது).

ஏன் இப்படி? மசாப் ஒரே ஒரு சண்டை எனர்ஜியில் 20 அடி அடிக்கும். ஹிட்மோன்சானின் ஜாப் அடியும் அதேபோல ஒரு எனர்ஜிக்கு 20, உயிர்ப்புள்ளியோ 70. எதிராளி பெரிய ஆளைப் பரிணாமம் செய்து கொண்டுவருவதற்குள் நாம் இரண்டு மூன்று பரிசுக் கார்டை (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போதெல்லாம் ஒன்று எடுப்பது, எல்லாம் எடுத்தால் வெற்றி) எடுத்துவிடலாம்.

இந்த டெக்கில் எனக்கு மிகவும் பிடித்தது ரட்டாட்டாதான். 30 உயிர்ப்புள்ளிதானே என்று பலர் அதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அதன் கடிக்கு எந்த வகை எனர்ஜியும் செல்லும், ஒன்றே போதும், 20 அடி. பின்வாங்கச் செலவே இல்லை. முக்கியமாக, சைக்கிக் வகைக்கு அது தாங்குதிறன் உள்ளது, அந்த வகை அடியில் 30 கழிந்துவிடும். மசாப்புக்கும் ஹிட்மோன்சானுக்கும் பலவீனம் எது? அதே சைக்கிக்தான், அடி இரட்டிப்பாக விழும். எதிராளி சைக்கிக் போக்கிமானைக் களத்தில் இறக்கியதும் ஹிட்மோன்சானைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு ரட்டாட்டாவை முன்னால் நிறுத்துங்கள். 30 அடி அடிக்க வந்தவர் பூஜ்யத்தோடு நிற்பார். ஒரு டெக்கின் ஓட்டையை இன்னொரு கார்டால் அடைப்பது என்பது இதுதான். இதைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் பாதி விளையாட்டு கைக்கு வந்துவிட்டது.

டிரெய்னர் கார்டில் பில் இரண்டு கார்டு எடுத்துக் கொடுக்கும், போட யோசிக்கவே வேண்டாம். புரொபசர் ஓக் அப்படி இல்லை. கையில் உள்ளதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஏழு புதிதாக எடுப்பது அது. எனர்ஜியைப் பொருத்தி, பெஞ்சில் வைக்க வேண்டியதை வைத்து, கை கிட்டத்தட்டக் காலியான பிறகே அதைப் போடுங்கள். இந்த விளையாட்டு வந்த காலத்து விதிப்படி ஒரு சுற்றில் எத்தனை டிரெய்னர் கார்டு வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம்.

படி 6: காசு சுண்டும் அடிகளைக் குறைப்பது

இந்த விளையாட்டின் மேல் சொல்லப்படும் குறைகளில் நான் முழுசாக ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான்: எதற்கெடுத்தாலும் காசு சுண்ட வேண்டியிருக்கிறது. கடைசிப் பரிசுக் கார்டை எடுக்கும் நேரத்தில் பூ விழுந்து ஆட்டம் கைமாறினால் யாருக்கும் எரிச்சல் வரும்.

ஆனால் டெக்கில் எதை வைப்பது என்பது நம் கையில் இருக்கிறதே. பிகாச்சுவின் தண்டர் ஜோல்ட் 30 அடி. பூ விழுந்தால் தனக்கே 10 அடி. எலக்டபஸின் தண்டர் பஞ்ச் தலை விழுந்தால் 40, பூ விழுந்தால் 30-தோடு தனக்கு 10. இவை இரண்டிலும் அடி எப்படியும் விழுந்துவிடுகிறது, காசு முடிவு செய்வது மேல்மிச்சத்தை மட்டும்தான். இப்படிப்பட்ட அடிகளைத் தாராளமாக வைக்கலாம். பூ விழுந்தால் ஒன்றுமே நடக்காது என்கிற அடிகளை மட்டும் தள்ளிவையுங்கள். கார்டைப் படிக்கும்போது, "பூ விழுந்தால் என் நிலை என்ன?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், எதை வைப்பது எதை விடுவது என்று தானாகத் தெரிந்துவிடும்.

படி 7: நிபந்தனை வந்தால்

எதிராளியின் விதியைப் படித்ததும் புது டெக் ஒன்றைத் தரையிலிருந்து கட்ட ஆரம்பிக்காதீர்கள். கையில் இருக்கும் டெக்கில் அந்த விதி எதைத் தாக்குகிறது என்று முதலில் பாருங்கள். பின்வாங்க அதிக எனர்ஜி கேட்கும் ஆட்டமா? மேலே உள்ள டெக்கில் ஸ்விட்ச் நான்கு இருக்கின்றன, அது பின்வாங்கும் செலவைக் கேட்காமலே ஆளை மாற்றும், பெரிதாகக் கைவைக்க வேண்டாம். ஆனால் இலவசமாகப் பின்வாங்கும் என்று ரட்டாட்டாவை நம்பி இருந்தது போய்விடுகிறது. போஷன் இரண்டைக் குறைத்துவிட்டு எலக்டபஸ் போல நின்று தாங்குகிறவர்களைக் கூட்டுங்கள். பெஞ்சு சுருங்கும் ஆட்டமா? அப்போது 16 அடிப்படைப் போக்கிமான் தேவைக்கு அதிகம். பெஞ்சில் இடம் இல்லாமல் கையிலேயே தங்கிவிடும். 12-க்கு இறக்கி, காலியான இடத்தில் பிளஸ்பவரையும் கஸ்ட் ஆஃப் விண்டையும் நான்கு நான்காக ஆக்குங்கள்.

ஒரு வகையையே தடுக்கும் நிபந்தனை வந்தால்தான் பெரிய மாற்றம் தேவை. அப்போதும் டிரெய்னர் 18-ஐத் தொடாதீர்கள். அது எந்த டெக்கிலும் வேலை செய்யும். போக்கிமானையும் எனர்ஜியையும் மட்டும் மாற்றுங்கள். கூடவே முந்தைய ஆட்டங்களில் வென்று கிடைத்த பூஸ்டர் பாக்கெட்டுகளை இன்னொரு தடவை புரட்டுங்கள். "இது எதுக்கு ஆகும்" என்று அப்போது தள்ளிய கார்டு, இந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துவதைப் பார்ப்பீர்கள். 400-க்கும் மேற்பட்ட கார்டுகளை வெறும் சேகரிப்பாக விட்டுவிடாமல் எடுத்து ஆட வைப்பது இந்த நிபந்தனைகள்தான். அதனால்தான் இரண்டாம் பாகத்தின் பக்கம் நிற்கிறேன்.

படி 8: பட்டியலாகச் சேமிப்பது

இறுதியாக ஒரு நடைமுறை விஷயம். கட்டி வைத்திருக்கும் டெக் ஒவ்வொன்றும் உங்கள் கார்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருக்கும் பில் நான்கையும் ஒரு டெக்கில் போட்டுவிட்டால் அடுத்த டெக்குக்குப் பில் இல்லை. விளையாட்டுக்குள் இருக்கும் டெக்கைச் சேமிக்கும் இயந்திரமோ பட்டியலை மட்டும் நினைவில் வைக்கும், கார்டுகளைப் பிடித்துக்கொள்ளாது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் நீங்கள் செய்யும் மாற்றத்தை அங்கே தனிப் பட்டியலாக ஏற்றிவிட்டு, கையில் உள்ள டெக்கைக் கலைத்துவிடுங்கள். அதே எதிராளியிடம் திரும்பப் போகும்போது பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் போதும், டெக் தயார். எந்தப் பட்டியல் யாருக்கு என்று தெரிகிற மாதிரி பெயர் வைக்க மறக்காதீர்கள்.