யார்க் பல்கலையின் அகதிகள், புலம்பெயர்வு டிப்ளமா: விண்ணப்பிக்கும் முன்

டொரொண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் உள்ள அகதிகள் ஆய்வு மையம் நடத்தும் இந்த முதுநிலை டிப்ளமாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கேயே எம்.ஏ. அல்லது பிஎச்.டி. படிப்பவர்களுக்கான கூடுதல் சான்று இது. பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் துறைச் சேர்க்கை, பிறகே இது.

ஆய்வேடும் புலம்பெயர்வு சார்ந்ததாக இருக்க வேண்டும். ஆகவே துறை விண்ணப்பத்தின் நோக்கக் கடிதத்திலேயே உங்கள் ஆய்வுக் கேள்வியை வையுங்கள். 'அகதிகளின் துயரம்' என்பது கேள்வியல்ல. '1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத இந்தியாவில், தமிழகத்தின் ஈழத்தமிழர் முகாம்களை எந்தச் சட்டம் ஆள்கிறது?' என்பது கேள்வி. இதற்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியர் துறையில் இருக்கிறாரா என்று முன்பே பாருங்கள். கடைசித் தேதி துறைக்குத் துறை மாறும். பரிந்துரைக் கடிதங்களை ஆறு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.